அறுபத்தொரு ஜிபி

ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்குள்ளிருந்து நகத்தால் தகரத்தைச் சுண்டுவதுபோல ஒரு சத்தம் வர ஆரம்பித்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஃபேனில் தூசு சேர்ந்திருக்கும் என்று சகாயசெல்வி திறந்து துடைத்துப் பார்த்தாள். சத்தம் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு மஞ்சள் நீராட்டு விழா வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தபோது திரை அப்படியே உறைந்துபோய், கால் மணி நேரம் கழித்துத்தான் அசைந்தது. பயந்துபோய் அன்றைக்கே கூனிமேட்டிலிருந்து தவுசீப்பை வரச் சொன்னாள்.

தவுசீப் கூனிமேட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். மரக்காணம் வட்டாரத்தில் இருக்கிற ஸ்டூடியோ, இ-சேவை, ஜெராக்ஸ் கடை எல்லாவற்றுக்கும் அவன்தான் வைத்தியன். பெட்டியைத் திறந்து காதை வைத்துக் கேட்டான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஹார்ட் டிஸ்க் போகுதுக்கா. இன்னும் ஒரு வாரம் ஓடினாலே பெருசு."

"உள்ள இருக்கறதெல்லாம்?"

"இப்பவே க்ளோன் பண்ணிட்டா தப்பிச்சிடும். இதுல இருக்கற மாதிரியே அச்சு அசலா இன்னொரு டிஸ்க்குல ஏத்திடலாம். உங்க எடிட்டிங் சாஃப்ட்வேரு, செட்டிங்கு எதையும் திரும்பப் போட வேணாம். ஆனா எங்கிட்ட இப்ப இருக்கறது ஐநூறு ஜிபிதான். உங்களுது ஒரு டிபி, ஆயிரம் ஜிபி. அதுல தொள்ளாயிரத்துப் பன்னண்டு ரொம்பிக் கிடக்குது. நானூத்தம்பதுக்குக் கீழ கொண்டாந்தாதான் புதுசுல நுழையும்."

"பெருசா ஒண்ணு வாங்கிட்டா?"

"ஆர்டர் போட்டா பத்து நாள் ஆவும். அதுவரைக்கும் இது தாங்குமான்னு அல்லாவுக்குத்தான் தெரியும். நீங்க வேணாததெல்லாம் அழிச்சி எடம் பண்ணி வைங்க. வியாழக்கெழம ரெண்டு மணிக்கு வர்றேன்."

தனியாக வைத்திருந்த இன்னொரு டிஸ்க் போன புயலில் கடைக்குள் தண்ணீர் வந்தபோதே போய்விட்டது. ஆகவே பன்னிரண்டு வருட வேலை மொத்தமும் இந்த ஒன்றில்தான் இருந்தது. சகாயசெல்வியும் அவள் கணவன் ஜான்சனும் கல்யாணம் முடித்த கையோடு ஆரம்பித்த ஸ்டூடியோ அது. ஜான்சன் கேமராவோடு வெளியே போவான். படத்தை வெட்டி ஒட்டுவது, ஆல்பம் அடுக்குவது, பேனர் அடிப்பது எல்லாம் அவள்.

இரண்டு நாள் வேறு வேலை எடுக்கவில்லை. முதலில் சுலபமானதையெல்லாம் அழித்தாள். எடிட்டிங் சாஃப்ட்வேர் தனக்குத்தானே சேர்த்து வைத்திருந்த ஃபைல்கள், இரண்டு முறை, மூன்று முறை ஏற்றிய ஒரே படங்கள், யாரோ பிரிண்ட் எடுக்க அனுப்பிய ஆதார் கார்டுகள், டவுன்லோடு செய்த பாட்டுகள். அழிக்க அழிக்க, டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் சிவப்புப் பட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது. புதன்கிழமை மதியம் அறுநூற்று ஐம்பத்தைந்தில் வந்து நின்றது. இனிமேல் கை வைப்பதென்றால் கல்யாணங்களில்தான் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு ஃபோல்டர் இருந்தது. பார்ட்டிக்குக் கொடுப்பது பாட்டெல்லாம் போட்டு வெட்டிய இரண்டு மணி நேரம். கேமரா எடுத்தது அத்தனையும் வெட்டாமல் ஸ்டூடியோவிலேயே கிடக்கும். தையல் கடையில் வெட்டுத்துணி கிடக்கிற மாதிரி. யாரும் கேட்டு வருவதில்லை. மூன்று வருடத்துக்கு மேல் ஆனதையெல்லாம் எடுத்துவிடலாம் என்றான் ஜான்சன். ஆனாலும் சொல்லாமல் அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆர்டர் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் செய்தாள்.

முக்கால்வாசிப் பேர் யோசிக்கவே இல்லை. "எங்ககிட்டதான் சீடி இருக்குதேக்கா, அழிச்சிப் போடுங்க" என்றார்கள். இடையஞ்சாவடியில் ஒரு பையன், "நாங்களே பிரிஞ்சிட்டோம், அத வச்சி என்னங்க பண்றது" என்று சிரித்தான். ஒரு பெண் மட்டும் பென்டிரைவோடு ஓடி வந்து வாங்கிக்கொண்டு போனாள். வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பட்டை நானூற்றுத் தொண்ணூற்றெட்டில் இருந்தது.

நோட்டில் கடைசியாக மிஞ்சியது பிரபாகரனின் கல்யாணம். இரண்டு கேமரா வைத்து எடுத்ததால் அது மட்டும் அறுபத்தொரு ஜிபி.

பிரபாகரன் பிரம்மதேசத்துக்காரன். கம்பெனி வேன் ஓட்டுகிறான். ஐந்து வருடத்துக்கு முன் மரக்காணத்துப் பெண் தமிழ்நிலாவைக் கட்டினான். இரண்டு வருடம்கூட நிறைவாக வாழவில்லை. மூளைக் காய்ச்சல் என்றார்கள். பத்தாவது நாள் அந்தப் பெண் போய்விட்டது. கண்ணீர் அஞ்சலி பேனரை அடித்துக் கொடுத்தவளே சகாயசெல்விதான். கல்யாண வீடியோவிலிருந்து ஒரு முகத்தை நிறுத்தி எடுத்து, கழுத்து மாலையை மறைத்துப் பேனரில் வைத்தாள். இருபத்து நான்கு வயது என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்றது அவளுக்கு நினைவிருந்தது.

ஃபோனை எடுத்தவனிடம் விஷயத்தைச் சொன்னாள். "எடம் பத்தலைங்க. உங்களுக்கு வேணும்னா ஒரு பென்டிரைவ் கொண்டாந்தீங்கன்னா ஏத்திக் குடுத்துடறேன்."

மறுமுனையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"வேணாங்க்கா. அழிச்சிடுங்க."

"அவங்கம்மா வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"நான்தானக்கா சொல்றேன். அழிச்சிடுங்க." ஃபோனை வைத்துவிட்டான்.

பெண்ணின் அம்மா திரௌபதி உப்பளத்தில் வேலை செய்கிறவள். அவள் நம்பர் நோட்டில் இல்லை. ஆர்டர் மாப்பிள்ளை பெயரில் இருந்தது. விசாரித்தால் அரை நாளில் ஆளைப் பிடித்துவிடலாம். ஆனால் இரண்டு மணிக்குத் தவுசீப் வந்துவிடுவான். டிஸ்க் டிக், டிக்கென்று சுண்டிக்கொண்டே இருந்தது. சகாயசெல்வி அந்த ஃபோல்டரைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் கை வராது என்று தெரியும். நிரந்தரமாக நீக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். நானூற்று முப்பத்தேழு.

தவுசீப் சொன்ன நேரத்துக்கு வந்தான். க்ளோன் ஆகி முடிய மாலை ஆறு மணி ஆனது. புதிய டிஸ்க்கைப் போட்டதும் கம்ப்யூட்டர் சத்தமே இல்லாமல் எழுந்து, எல்லாம் இருந்த இடத்தில் இருக்க, பழையபடி அவளைப் பார்த்தது. பழையதைக் கழற்றித் தவுசீப் பைக்குள் போட்டுக்கொண்டான். "புதுசு ஒரு வாரம் ஒழுங்கா ஓடட்டும்க்கா. அதுவரைக்கும் இது எங்கிட்ட கிடக்கட்டும். அப்புறம் தூக்கிப் போட்டுடலாம்."

அடுத்த வாரம் புதன்கிழமை திரௌபதி வந்தாள்.

பதினொன்றரை மணி இருக்கும். வேலை முடிந்து உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தாள். சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையின் தோளில் உப்பு வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெடித்த கால்.

"எம் பொண்ணு கல்யாணத்த அழிச்சிட்டியாமே."

சகாயசெல்விக்கு யாரென்று உடனே தெரியவில்லை. எழுந்து நின்றாள்.

"தமிழ்நிலா அம்மா. திரௌபதி."

"உக்காருங்கம்மா."

திரௌபதி உட்காரவில்லை. "நேத்து மாப்பிள வந்தாரு. வேற எடத்துல பொண்ணு பாத்திருக்காங்க, வைகாசில வச்சிருக்குது, உங்ககிட்ட சொல்லாம செய்ய மனசு வரல அத்தைன்னாரு. நல்லா இருப்பான்னுதான் சொன்னேன். சரி, அவங்க வீட்ல இருக்கற சீடியாச்சும் எனக்குக் குடுன்னு கேட்டேன். அப்பத்தான் சொல்றாரு, ஸ்டூடியோவுலேர்ந்து கேட்டாங்க, நான் அழிக்கச் சொல்லிட்டேன்னு."

"உங்ககிட்டயும் ஒரு சீடி குடுத்திருந்தோமேம்மா."

"புயல்ல வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. ஆல்பம் ஊறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சி. சீடி எங்க போச்சின்னே தெரியல. போனா போவட்டும், ஸ்டூடியோல இருக்குது, அந்தப் பொண்ணு பத்திரமா வச்சிருக்கும்னு நெனச்சேன். புயல் அடிச்சதுலேர்ந்து அந்தத் தைரியத்துலதான் இருக்கேன். எனக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கக் கூடாதா?"

"உங்க நம்பர் எங்கிட்ட இல்லம்மா" என்றாள் சகாயசெல்வி. சொன்னது உண்மைதான். சொல்லி முடித்ததும் அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை.

டிஸ்க் கெட்டுப்போய்விட்டது, எல்லோருடையதும் போய்விட்டது என்று சொல்லிவிடலாம். பாதி உண்மை. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். திரௌபதியும் விதி என்று திரும்பிப் போய்விடுவாள்.

"நான்தாம்மா அழிச்சேன். உங்களக் கேக்கணும்னு தோணிச்சு. தோணியும் கேக்கல. எனக்கு எடம் வேணும்னு அவசரம்."

திரௌபதி சத்தம் போடவில்லை. சுவரில் மாட்டியிருந்த மணப்பெண்களின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அழிச்சதுல அது பேசனது இருந்துதா?"

"யாரு?"

"எம் பொண்ணு. நீ குடுத்த சீடில முழுக்கப் பாட்டுதான். அது வாய் அசையுது, சிரிக்குது, ஒரு சத்தமும் வரல. உங்க கேமராக்காரரோட அன்னைக்கெல்லாம் வாயடிச்சிக்கிட்டே இருந்துது. அந்தச் சத்தம் எங்கியாச்சும் இருக்கும் இல்ல?" படங்களை விட்டுத் திரும்பினாள். "முகம் மறக்கல. கொரல்தான் மறந்துகிட்டே வருது. எவ்வளவு நெனச்சிப் பாத்தாலும் வர மாட்டேங்குது."

திரௌபதி கதவைத் திறந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். அவள் நின்ற இடத்தில் தரையில் உப்பு உதிர்ந்திருந்தது.

மதியம் சாப்பிட வந்த ஜான்சனிடம் சொன்னாள். அவன் தட்டிலிருந்து தலை நிமிராமல், "பார்ட்டியக் கேட்டுத்தான செஞ்ச. உம்மேல என்ன தப்பு" என்றான்.

"பார்ட்டி யாரு?"

"ஆர்டர் குடுத்தவரு."

"கல்யாணம் அவளுக்குந்தான நடந்துது. அவ பக்கத்துல கேக்க அந்த அம்மாவ விட்டா யாரு இருக்காங்க?"

ஜான்சன் கை கழுவிவிட்டு வந்து, "தவுசீப்புக்கு ஃபோன் போட்டுக் கேட்டுப் பாரு" என்றான்.

தவுசீப் பழைய டிஸ்க்கை இன்னும் தூக்கிப் போட்டிருக்கவில்லை. மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

"அழிக்கறோம்னு சொல்றமே, அது அப்பவே போயிடறது இல்லக்கா. இந்த எடம் காலின்னு கம்ப்யூட்டர் எழுதி வச்சிக்கும், அவ்வளவுதான். மேல வேற ஒண்ணு ஏறாத வரைக்கும் பழசு அங்கதான் கிடக்கும். அன்னைக்கு நீங்க அழிச்சதும் க்ளோன் போட்டுக் கழட்டிட்டோம். அதனால இருக்க வாய்ப்பு இருக்குது. ஆனா டிஸ்க்கு உசுர கையில புடிச்சிக்கிட்டு இருக்குது. முழுசும் படிச்சாதான் தேட முடியும். நடுவுல நின்னுட்டா நின்னதுதான். ஒரே ஒரு தடவதான் பாக்கலாம்."

"பாரு தவுசீப்."

"வெள்ளிக்கெழம காலைல போடறேன். நீங்களும் வந்துடுங்க. எந்தப் படம் யாருதுன்னு எனக்குத் தெரியாது."

வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுச் சகாயசெல்வி எட்டு மணிக்கெல்லாம் கூனிமேடு போனாள். தவுசீப் டிஸ்க்கை ஒரு தாங்கியில் நிறுத்தி, வேறொரு கம்ப்யூட்டரோடு இணைத்து, சூடு ஏறாமல் இருக்க எதிரே மேசை ஃபேனை வைத்தான். பிஸ்மில்லா என்று சொல்லித் தொடங்கினான். பழைய டிக், டிக் சத்தம் மறுபடி கேட்டது. ஸ்டூடியோவில் எரிச்சல் மூட்டிய சத்தம், இப்போது நிற்காமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

மதியத்துக்குள் நாற்பத்தொரு சதவீதம் ஆகி, அதிலேயே நின்றது. ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. "தொட்டுடாதீங்கக்கா. அது திணறுது. தானே வரும். நான் தொழுதுட்டு வந்துடறேன்" என்று தவுசீப் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான்.

கடைத்தெரு அடங்கிவிட்டது. சகாயசெல்வி தனியாகத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தொன்று. ஜெபம் செய்யலாமென்று கையைக் கோத்தாள், என்ன கேட்பது என்று தெரியவில்லை. அழித்துவிட்டு வந்து அழிந்ததைக் கொடு என்று கேட்க வெட்கமாக இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து நாற்பத்திரண்டு ஆனது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஐந்து மணிக்கு எழுபத்து மூன்று சதவீதத்தில் டிஸ்க்கின் சத்தம் திடீரென்று நின்றது. தவுசீப் கழற்றி மாட்டினான். இன்னொரு ஒயரில் போட்டுப் பார்த்தான். விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். உள்ளே எதுவும் சுற்றவில்லை.

"அவ்வளவுதான்க்கா. வந்த வரைக்கும் பாப்போம்."

வந்தது இரண்டாயிரத்துச் சொச்சம் ஃபைல். ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். பாதிக்கு மேல் திறக்கவே இல்லை. திறந்தவற்றில் யார் யாருடைய கல்யாணமோ கலந்து கிடந்தது. இளநீலப் பட்டில் தமிழ்நிலாவைத் தேடித் தேடி, அந்தக் கல்யாணத்தில் எடுத்திருந்த நூற்று அறுபத்து நான்கு துண்டுகளில் பத்தொன்பதைச் சகாயசெல்வி பிரித்தெடுத்தாள். பெரும்பாலும் சாப்பாட்டுப் பந்தி, மேளக்காரர்கள், வாசலில் நிற்கும் வேன். பதினாறாவது துண்டில் அந்தப் பெண் பேசியது.

அதைக் கேட்டதும் சகாயசெல்விக்கு அடையாளம் தெரிந்தது. ஐந்து வருடத்துக்கு முன் இதே துண்டை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்து, பாட்டுக்குச் சேரவில்லை என்று வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறாள்.

சனிக்கிழமை காலையில் பிரபாகரனுக்கு ஃபோன் செய்து, அவன் வீட்டிலிருக்கும் சீடியைக் கேட்டாள். திட்டுவான் என்று நினைத்தாள். ஒரு மணி நேரத்தில் வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடைப் பையோடு வந்து நின்றான். பையில் சீடியும் ஆல்பமும் இருந்தன.

"அத்தைகிட்ட குடுத்துடுங்க. வீட்ல வச்சிக்கவும் முடியல, தூக்கிப் போடவும் கை வரல. அன்னைக்கு அவங்க கேக்கறப்ப கூட, இருக்குதுன்னு சொல்ல வாய் வரல எனக்கு. இல்லன்னு நெனச்சிக்கிட்டா நிம்மதியா இருக்கும்னு பாத்தேன்." பிறகு, "எதோ கெடச்சிதுன்னீங்களே" என்றான்.

"கேக்கறீங்களா?"

அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சகாயசெல்வி ஓடவிட்டாள். பிரபாகரன் திரையைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். குரல் வந்ததும் கதவின் பிடியைப் பிடித்தான். பாதியில், "போதுங்க்கா" என்றான். வேனில் ஏறிச் சாவியைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போனான்.

அன்று மதியமே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சகாயசெல்வி திரௌபதியின் வீட்டைக் கேட்டுக்கொண்டு போனாள். உப்பளத்துக்குப் போகும் மண் ரோட்டில் அரசு கட்டிக் கொடுத்த ஒற்றை அறைத் தொகுப்பு வீடு. புயல் தண்ணீர் நின்ற கறை சுவரில் இடுப்பளவில் இன்னும் கோடாக இருந்தது. திரௌபதி அப்போதுதான் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். ஆளைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும் பாயைப் போட்டாள்.

"முழுசும் கெடைக்கலம்மா. பத்தொன்பது துண்டு வந்துது. ஒண்ணுல அவங்க பேசறாங்க. நாலு நிமிசம்."

திரௌபதி தலை துவட்டிய துண்டைக் கீழே வைத்தாள். "போடு."

படத்தில் மணமேடை. தமிழ்நிலா மாலையோடு நின்றுகொண்டு, கேமராவுக்குப் பின்னால் இருக்கும் ஜான்சனைப் பார்த்துப் பேசுகிறாள். கொஞ்சம் கட்டையான குரல். வேகமான பேச்சு.

"அண்ணா, இருங்க இருங்க. எங்கம்மா தோ அங்க தூண்கிட்ட நிக்குது. அதையும் எடுங்க. ம்மா, இங்க வா. வாம்மா."

எங்கோ தூரத்திலிருந்து, "நான் எதுக்கு, நீ நில்லு" என்று ஒரு குரல்.

"யாரு என்ன சொல்லுவாங்க? அப்பா இல்லன்னா நீ என் பக்கத்துல நிக்கக் கூடாதா? நீ வரலன்னா நான் ஃபோட்டோவுக்கே நிக்க மாட்டேன், பாத்துக்க. அண்ணா, கேமராவ நிறுத்துங்க. எங்கம்மா வந்தப்புறம் எடுக்கலாம். ம்மா! கால்ல என்ன ஆணியா? வா."

யாரோ சிரிக்கிறார்கள். தமிழ்நிலா மேடையின் ஓரத்துக்கு வந்து கையை நீட்டுகிறாள். அந்த இடத்தில் படம் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்து, பச்சையும் கறுப்புமாகக் குழம்பியது. குரல் மட்டும் விடாமல் வந்தது. "ஆங். அப்படி. முந்தானைய சரி பண்ணிக்க. சிரிம்மா, செத்த சிரியேன். அண்ணா, இப்ப எடுங்க." பிறகு மேளச் சத்தம் எழுந்து எல்லாவற்றையும் மூடியது.

திரௌபதி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் விரலை மட்டும் ஆட்டி மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது முறை கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மகளோடு சேர்ந்து அசைந்தது.

"இத அன்னைக்கே நான்தாம்மா வெட்டுனேன்" என்றாள் சகாயசெல்வி. சொல்லாமல் எழுந்துபோக முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. "சீடில போட்டிருந்திருக்கலாம். பாட்டு ஓடறப்ப இது நடுவுல வந்துது. தூக்கிட்டேன்."

வெளியே உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று குலுங்கிக்கொண்டு போனது.

"எனக்கு உம்மேல கோவம் இருக்குது. இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றாள் திரௌபதி. "நீ தேடிக் கொண்டாந்த. அதையும் மறக்க மாட்டேன்."

"படம் அந்த எடத்துல உடைஞ்சிடுச்சு. நீங்க மேடையில ஏறுனது தெரியல. நானும் எவ்வளவோ பாத்தேன்."

"ஏறுனேன். எங்கையப் புடிச்சிக்கிட்டு விடவே இல்ல. கை சில்லுனு இருந்துது." திரௌபதி தன் வலது கையைப் பார்த்தாள். "அதுக்கு எனக்குப் படம் வேணாம்."

அவளிடம் இருந்தது பட்டன் ஃபோன். வீடியோ ஓடாது. சகாயசெல்வி குரலை மட்டும் தனியாகப் பிரித்து அதன் மெமரி கார்டில் ஏற்றி, எந்தப் பட்டனை அழுத்தினால் வரும் என்று காட்டினாள். திரௌபதி தானே அழுத்தி ஒரு முறை சரிபார்த்தாள். பிறகு ஃபோனை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி அரிசிப் பானைக்கு மேலே உயரத்தில் வைத்தாள். "உப்பளத்துக்கு எடுத்துட்டுப் போவ மாட்டேன். தண்ணி பட்டா கெட்டுடும். வந்து கேட்டுக்கறேன்."

பிரபாகரன் கொடுத்த பையை நீட்டியபோது ஆல்பத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். "அவரும் கேட்டாரா?"

"கேட்டாரு. பாதிக்கு மேல நிக்க முடியல."

"பாவம். அந்தப் பையனும் நல்ல பையன்தான்." எழுந்து, டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து சகாயசெல்விக்குக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை ஸ்டூடியோவைத் திறந்ததும் சகாயசெல்வி தவுசீப் கொடுத்திருந்த அந்த இரண்டாயிரம் ஃபைலையும் ஒரு பக்கமாக எடுத்து வைத்தாள். எல்லாம் யாரோ அழிக்கச் சொன்ன கல்யாணங்களின் உடைந்த துண்டுகள். பெயரில்லாத முதல் எண்ணைத் திறந்தாள். ஒரு மண்டபத்தின் பின்வரிசை. வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். அவர் மடியில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்து அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருக்கிறது. யார் வீட்டுக் கல்யாணம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஜான்சனைக் கூப்பிட்டாள். "இந்த மண்டபம் எதுன்னு பாரு. யாருதுன்னு தெரிஞ்சா கேட்டுப் பாக்கலாம்" என்றாள். அவன் வந்து குனிந்து பார்த்தான்.